16-பிட் கேம்கள்: அன்றைய சூப்பர் ஹிட் எல்லாம் இன்றும் விளையாடத் தகுந்ததா? 10 கேம்களுக்கு ஒரு மறுமதிப்பீடு

1990-களில் பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்த ஒரு வீடியோ கேமை இன்று எடுத்துப் போட்டால் பத்தே நிமிடத்தில் அலுத்துவிடுகிறது. அப்போது யாரும் கண்டுகொள்ளாத இன்னொரு கேம், இப்போது விடிய விடிய விளையாட வைக்கிறது. கேம் மாறவில்லை. அப்போ மாறியது எது?

சூப்பர் நின்டெண்டோ, சேகா மெகா டிரைவ் காலத்து கேம்கள் இப்போது மொபைலுக்கும் கம்ப்யூட்டருக்கும் புதிய கன்சோல்களுக்கும் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. எல்லாமே 'கிளாசிக்' என்ற பெயரில்தான் வருகின்றன. அவற்றில் எது உண்மையிலேயே காலத்தைத் தாண்டி நிற்கிறது, எது வெறும் பழைய நினைவு? விரிவாகப் பார்க்கலாம்.

சரி, 16-பிட்னா என்ன?

கன்சோலின் மூளையான பிராசஸர் ஒரே மூச்சில் எவ்வளவு பெரிய எண்ணைக் கையாளும் என்பதைச் சொல்லும் அளவு இது. 8-பிட் என்றால் 0 முதல் 255 வரை. 16-பிட் என்றால் 0 முதல் 65,535 வரை.

ஆனால் இதில் விளம்பரமும் கொஞ்சம் கலந்திருந்தது. 1987-ல் ஜப்பானில் வந்த பிசி என்ஜின் கன்சோலில் இருந்தது 8-பிட் பிராசஸர்தான். படம் காட்டும் சிப் மட்டும் 16-பிட். இருந்தாலும் அதையும் இந்தத் தலைமுறையோடுதான் சேர்த்துப் பேசுகிறார்கள்.

உண்மையான போட்டி இரண்டு பேருக்குள்தான். சேகாவின் மெகா டிரைவ் 1988 அக்டோபரில் ஜப்பானில் அறிமுகமானது. அமெரிக்காவில் அதன் பெயர் ஜெனிசிஸ். நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் 1990 நவம்பரில் வந்தது. வெளிநாடுகளில் அதுவே சூப்பர் நின்டெண்டோ.

வேகத்தில் சேகா கில்லாடி. அதன் பிராசஸர் சுமார் 7.67 மெகாஹெர்ட்ஸ், நின்டெண்டோவுடையது அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ். நிறத்தில் நிலைமை தலைகீழ். சேகாவிடம் இருந்த மொத்த நிறங்கள் 512, நின்டெண்டோவிடம் 32,768. அதனால்தான் சேகா கேம்கள் பரபரவென ஓடின, நின்டெண்டோ கேம்கள் ஓவியம் மாதிரி இருந்தன.

கடைசியில் சூப்பர் நின்டெண்டோ உலகம் முழுக்க சுமார் 4.9 கோடி விற்றது. மெகா டிரைவ் 3 கோடியைத் தாண்டியது.

நம்ம ஊரில் ஏன் பலருக்கு இது தெரியாது?

தமிழ்நாட்டில் 90-ஸ் கிட்ஸ் 'டிவி கேம்' என்று சொல்வது பெரும்பாலும் 8-பிட் நகல் கருவிகளைத்தான். ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான கேம்கள் என்று எழுதியிருக்கும், போட்டுப் பார்த்தால் அதே மேரியோவும் கான்ட்ராவும் திரும்பத் திரும்ப வரும். மெகா டிரைவ் 1990-களின் நடுவில் ஷா வாலஸ் நிறுவனம் வழியாக இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வந்தாலும், நடுத்தரக் குடும்பங்களுக்கு அது எட்டாத விலை.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. சின்ன வயதில் விளையாடாதவர்களுக்கு இந்த கேம்கள் மீது பாசம் எதுவும் கிடையாது. ஒரு பழைய கேமை நியாயமாக எடைபோட அதைவிட நல்ல தகுதி வேறென்ன வேண்டும்?

பழைய மதிப்பெண்ணை அப்படியே நம்பலாமா?

முழுசாக நம்ப முடியாது. மூன்று காரணங்கள்.

முதலாவது, அன்றைய விமர்சகர் அன்றைய ஆச்சரியத்துக்கும் சேர்த்து மார்க் போட்டார். திரை முதல்முறையாகச் சுழன்றபோது வாயைப் பிளந்தார்கள். இன்று அது ஒரு விஷயமே இல்லை.

இரண்டாவது, டிவி. இந்தப் படங்கள் பழைய பெட்டி டிவிக்காக வரையப்பட்டவை. சோனிக் கேமில் வரும் அருவியைப் பாருங்கள். அது உண்மையில் நெருக்கமான செங்குத்துக் கோடுகள். பழைய டிவியின் மங்கலான சிக்னலில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராக மாறும். இன்றைய எல்இடி டிவியில் அருவி காணாமல் போய், வெறும் கம்பிக் கதவு மாதிரி தெரிகிறது.

மூன்றாவது, நாடு. ஐரோப்பிய டிவிகள் 50 ஹெர்ட்ஸில் ஓடின, ஜப்பானும் அமெரிக்காவும் 60 ஹெர்ட்ஸ். இதைச் சரிக்கட்டாமல் வெளியிட்டதால் பல கேம்கள் ஐரோப்பாவில் சுமார் 17 சதவீதம் மெதுவாக ஓடின. ஒரே கேமைத்தான் விமர்சித்தார்கள், ஆனால் அவர்கள் விளையாடியது ஒரே கேம் இல்லை.

அப்போ எப்படி மார்க் போடுவது?

இந்த மறுமதிப்பீட்டில் நான்கு கேள்விகள் மட்டும்.

ஒன்று: பட்டனை அழுத்தினால் பாத்திரம் சொன்னபடி கேட்கிறதா?

இரண்டு: தோற்றால் 'என் தப்பு' என்று தோன்றுகிறதா, 'ஏமாத்திட்டாங்க' என்று தோன்றுகிறதா?

மூன்று: கையேடு இல்லாமலே விளையாடக் கற்றுக்கொள்ள முடிகிறதா?

நான்கு: 'அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்' என்று யாரும் சொல்லாவிட்டாலும் தொடர்ந்து விளையாடத் தோன்றுகிறதா?

வரலாற்று முக்கியத்துவத்துக்குத் தனி மார்க் கிடையாது. இனி பட்டியலுக்குப் போகலாம்.

1. ஆல்டர்ட் பீஸ்ட் (1988) – 4/10

அமெரிக்காவில் ஜெனிசிஸ் வாங்கினால் முதலில் கூடவே கிடைத்த கேம். பெரிய பெரிய உருவங்கள், பேசும் குரல் எல்லாம் அன்று அசத்தின. இன்று பார்த்தால் மொத்தமே ஐந்து கட்டங்கள், அடி மெதுவாக விழுகிறது, எதிரிகள் வந்து மோதுவதைத் தவிர்ப்பதே பெரிய பாடு. 1991-ல் இதை எடுத்துவிட்டு சோனிக்கைப் பெட்டிக்குள் வைத்தது சேகா. ஏன் என்பது விளையாடிய அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

2. சூப்பர் மேரியோ வேர்ல்ட் (1990) – 9.5/10

கேமின் மொத்த அளவு 512 கேபி. இன்றைய மொபைல் கேமராவில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதைவிடப் பெரிது. அதற்குள் 96 வெளியேறும் வழிகளை வைத்திருக்கிறார்கள். பல கட்டங்களில் கண்ணுக்குத் தெரிவது ஒரு வழி, ஒளிந்திருப்பது இன்னொரு வழி. முடித்த கட்டத்துக்கே திரும்பிப் போகக் காரணம் கிடைக்கிறது.

கட்டுப்பாடு இன்றும் கச்சிதம். ஓடி, எகிறி, அந்தரத்தில் திசை திருப்பி இறங்கும்போது மேரியோ நினைத்த இடத்தில் நிற்கிறார். விழுந்தால் பழி நம்முடையதுதான். அரை மார்க் குறைவதற்குக் காரணம், இறகு வாங்கிப் பறக்கத் தெரிந்துகொண்டால் பல கட்டங்களை மேலேயே தாண்டிவிடலாம்.

3. சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் (1991) – 7/10

ரசிகர்கள் கோபப்படலாம். ஆனால் முதல் பகுதியான கிரீன் ஹில்லைத் தாண்டியதும் நடப்பதைக் கவனியுங்கள். வேகம்தான் இந்த கேமின் விளம்பரமே. இரண்டாவது பகுதியான மார்பிள் ஜோனில் கல்லைத் தள்ளிக்கொண்டு, எரிமலைக் குழம்புக்கு மேலே மிதக்கும் பலகைக்காகக் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. லேபிரிந்த் ஜோனில் தண்ணீருக்கு அடியில் ஊர்ந்துதான் போக வேண்டும்.

நின்ற இடத்தில் சுழன்று பாயும் 'ஸ்பின் டேஷ்' வித்தையும் முதல் பாகத்தில் இல்லை. அது 1992-ல் வந்த சோனிக் 2-ல்தான் சேர்ந்தது. கையில் ஒரு மோதிரம் இருந்தாலும் உயிர் போகாது என்ற விதி மட்டும் இன்றும் அருமை. முதல்முறை விளையாடுபவர்கள் நேரடியாக இரண்டாம் பாகத்தில் தொடங்கலாம்.

4. செல்டா: எ லிங்க் டு தி பாஸ்ட் (1991) – 9.5/10

ஜப்பானின் ஃபாமிட்சு பத்திரிகையில் நான்கு விமர்சகர்கள் தலா 10 மார்க் போடுவார்கள். இந்த கேம் வாங்கியது 40-க்கு 39. இதே வரிசையில் 1998-ல் வந்த ஒக்கரினா ஆஃப் டைம்தான் அந்தப் பத்திரிகையில் முதல் முழு மதிப்பெண்ணை வாங்கியது.

அந்த 39 இன்றும் குறையவில்லை. ஒளி உலகம், இருள் உலகம் என ஒரே வரைபடத்துக்கு இரண்டு முகம். ஒளி உலகில் ஏற முடியாத மேடு இருக்கும். இருள் உலகில் அதே இடத்துக்கு நடந்துபோய் மாயக் கண்ணாடியைப் பயன்படுத்தினால் நேராக அந்த மேட்டின் மேல் வந்து நிற்கலாம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. முதல்முறை பிடிபடும்போது கிடைக்கும் சந்தோஷம்தான் இந்த கேமே.

5. ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2 (1992) – 8.5/10

நண்பரோடு சேர்ந்து தெருத்தெருவாக ரவுடிகளைப் புரட்டி எடுக்கும் கேம். தனியாக ஆடினால் 7, இரண்டு பேர் ஆடினால் 9. சும்மா பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. பிடித்துத் தூக்குவது, முதுகுப் பக்கம் அடிப்பது, உயிரைக் கொஞ்சம் பணயம் வைத்து விசேஷ அடி கொடுப்பது என ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது.

யூசோ கோஷிரோவின் இசைக்காகவே தனியாகக் கேட்பவர்கள் உண்டு. கிளப்களில் ஒலிக்கும் நடன இசையை இந்தச் சின்ன சிப்பில் கொண்டுவர, இசையை எழுதவே தனக்கென ஒரு நிரல் முறையை அவர் உருவாக்கிக்கொண்டார்.

6. ஸ்டார் ஃபாக்ஸ் (1993) – 6/10

கன்சோலால் தனியாகச் செய்ய முடியாத முப்பரிமாண வேலைக்காக, கேசட்டுக்குள்ளேயே 'சூப்பர் எஃப்எக்ஸ்' என்ற தனி சிப்பை வைத்து விற்றார்கள். தொழில்நுட்பச் சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் வினாடிக்கு 20 படங்கள்கூட ஓடாத திரையில் இன்று குறிபார்த்துச் சுடுவது கண்ணுக்கு வலி. வரலாறாகப் பார்க்க அருமை, விளையாடப் பொறுமை வேண்டும்.

7. டாங்கி காங் கன்ட்ரி (1994) – 7.5/10

பிரிட்டனின் ரேர் நிறுவனம், விலை உயர்ந்த சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்ப்யூட்டர்களில் முப்பரிமாணப் படங்களை முன்கூட்டியே செய்து, அவற்றைச் சுருக்கி கேசட்டில் ஏற்றியது. பார்த்தவர்கள் இது 16-பிட் கேமா என்று அசந்துபோனார்கள்.

இன்று பெரிய டிவியில் அந்த உருவங்கள் பிளாஸ்டிக் பொம்மை போலத் தெரிகின்றன. கையால் புள்ளி புள்ளியாக வரைந்த மேரியோ படம் பழசாகவே இல்லை என்பதுதான் வேடிக்கை. சுரங்க வண்டிக் கட்டத்தில் தடைகள் திடீரென வருகின்றன, மனப்பாடம் செய்யாமல் தாண்டுவது கஷ்டம். ஆனால் நீருக்கடியில் வரும் டேவிட் வைஸின் இசை இன்றும் சிலிர்க்க வைக்கும்.

8. சூப்பர் மெட்ராய்டு (1994) – 9/10

ஓர் ஆழமான குழிக்குள் விழுந்துவிடுகிறீர்கள். ஏற வழியில்லை. அங்கே மூன்று குட்டி விலங்குகள் சுவருக்குச் சுவர் தாவித் தாவி மேலே போகின்றன. ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. அவற்றைப் பார்த்து நாமும் தாவ முயல்கிறோம். அந்த வித்தை ஆரம்பத்திலிருந்தே நம்மிடம் இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை.

நிமிடத்துக்கு ஒருமுறை 'இங்கே தொடவும்' என்று அம்புக்குறி காட்டும் இன்றைய மொபைல் கேம்களுக்குப் பழகியவர்களுக்கு இது வேறொரு அனுபவம். ஆயுதம் மாற்றும் முறை மட்டும் இன்றைக்குச் சிக்கலாகத் தெரிகிறது.

9. எர்த்பவுண்ட் (அமெரிக்காவில் 1995) – 8.5/10

மறுமதிப்பீடு ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஜப்பானிய எழுத்தாளர் ஷிகெசாட்டோ இதோய் உருவாக்கிய இந்த கேம், மந்திரவாதி, டிராகன் எதுவுமின்றி ஒரு சாதாரண ஊரில், பேஸ்பால் மட்டை ஏந்திய சிறுவனுடன் தொடங்குகிறது. படங்கள் குழந்தைத்தனமாக இருப்பதாக அமெரிக்காவில் குறை சொன்னார்கள். நாறும் வாசனை அட்டையோடு செய்த விளம்பரமும் எடுபடவில்லை. விற்பனை படுத்தது.

ஆனால் விளையாடியவர்கள் விடவில்லை. வருடக்கணக்கில் பேசிப் பேசியே அதை உயிரோடு வைத்திருந்தார்கள். 2013-ல் நின்டெண்டோ அதை அங்கே மீண்டும் வெளியிட்டது. 2015-ல் உலகப் புகழ் பெற்ற அண்டர்டேல் கேமில் இதன் தாக்கம் அப்பட்டமாகத் தெரியும்.

உயிர் போகும் அளவு அடி விழுந்தாலும் உயிர் எண் மீட்டர் போலச் சுழன்றுதான் குறையும். அது பூஜ்ஜியத்தைத் தொடுவதற்குள் சிகிச்சை கொடுத்துவிட்டால் தப்பிக்கலாம். இன்றும் புதுசாகத் தோன்றும் யோசனை. பொருள் வைக்கும் பை சின்னதாக இருப்பதுதான் எரிச்சல்.

10. கிரோனோ டிரிகர் (1995) – 9.5/10

ஃபைனல் ஃபேன்டஸியின் ஹிரோனோபு சகாகுச்சி, டிராகன் குவெஸ்ட்டின் யூஜி ஹோரி, டிராகன் பால் ஓவியர் அகிரா டோரியாமா என மூன்று பெரிய ஆட்கள் ஒன்றுசேர்ந்த கேம்.

தொடக்கத்தில் ஒரு திருவிழா. சும்மா சுற்றிப் பார்க்கிறோம். மேஜையில் இருக்கும் யாரோ ஒருவரின் சாப்பாட்டை எடுத்துச் சாப்பிடலாம், பூனையைத் தொலைத்த சிறுமிக்கு உதவலாம். கொஞ்ச நேரம் கழித்து நாயகன் கோர்ட்டில் நிற்கிறான். அந்தச் சாப்பாடும் அந்தப் பூனையும் அங்கே சாட்சியாக வருகின்றன. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்ததெல்லாம் கணக்கில் இருந்திருக்கிறது!

முடித்தபின் அதே பலத்தோடு மறுபடி தொடங்கும் வசதி, பல விதமான முடிவுகள், எதிரிகள் முன்கூட்டியே கண்ணில் படுவது என இன்று சாதாரணமாகிவிட்ட பலவற்றை அன்றே நேர்த்தியாகச் செய்த கேம் இது.

இந்தப் பட்டியல் சொல்வது என்ன?

இயந்திரத்தின் பலத்தைக் காட்டுவதற்காகச் செய்த கேம்கள்தான் சீக்கிரம் பழசாகியிருக்கின்றன. ஸ்டார் ஃபாக்ஸ், ஆல்டர்ட் பீஸ்ட் இரண்டுமே அப்படித்தான். அடுத்த இயந்திரம் வந்ததும் அந்தப் பெருமை போய்விட்டது. இருக்கிற கொஞ்ச இடத்தில் விளையாடுபவருக்கு என்ன கற்றுத்தரலாம், எதை ஒளித்து வைக்கலாம் என்று யோசித்த கேம்கள் நிற்கின்றன.

இன்றைக்கு விளையாடும்போது கவனிக்க வேண்டியவை

புது டிவியில் 'கேம் மோட்' போடுங்கள். இல்லையென்றால் பட்டனை அழுத்தியபின் ஒரு கணம் தாமதித்துத்தான் திரையில் நடக்கும். அதற்காக கேமைத் திட்டுவது நியாயமில்லை. படத்தை அகலமாக இழுக்காமல் 4:3 அளவிலேயே வையுங்கள்.

நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் பின்னோக்கி ஓட்டும் வசதியும், நினைத்த இடத்தில் சேமிக்கும் வசதியும் உண்டு. கஷ்டமான கேம்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் சூப்பர் கூல்ஸ் அண்ட் கோஸ்ட்ஸ் மாதிரி, உண்மையான முடிவைப் பார்க்க இரண்டு முறை முடித்தாக வேண்டிய கேமில், அந்தக் கஷ்டம்தான் கேமே. வசதியோடு ஆடினீர்களா, இல்லாமல் ஆடினீர்களா என்பதைப் பொறுத்து மார்க் மாறும்.

மொபைலில் கிரோனோ டிரிகர், ஃபைனல் ஃபேன்டஸி 6 இரண்டும் அதிகாரபூர்வமாகக் கிடைக்கின்றன. நிதானமாக யோசித்து ஆடும் கேம்கள் என்பதால் தொடுதிரைக்கு ஒத்துவரும். மேரியோ, சோனிக் வகைக்கு புளூடூத் கன்ட்ரோலர் இருந்தால் நல்லது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கோப்புகளை இறக்குவது காப்புரிமை மீறல் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏன் இது இப்போது முக்கியம்?

ஏனென்றால் பல கேம்கள் காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. நூலகங்கள் இந்தப் பழைய கேம்களை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியாகத் தர அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் சேகாவும் தன் பழைய கேம்கள் பலவற்றை டிஜிட்டல் கடைகளில் இருந்து எடுத்தது.

திரும்பி வரும் கேமும் சில நேரம் அதே கேமாக வருவதில்லை. 2022-ல் சோனிக் ஆரிஜின்ஸ் தொகுப்பில் வந்த சோனிக் 3-ல் சில இடங்களில் பழைய இசைக்குப் பதில் வேறு இசை ஒலிக்கிறது. அந்தத் தொகுப்பு வருவதற்கு முன்பே, தனித்தனியாக விற்றுக்கொண்டிருந்த பழைய பதிப்புகளைப் பல டிஜிட்டல் கடைகளில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் இருக்கும் பழைய கேசட்டும் சாகாவரம் பெற்றதில்லை. பல கேசட்டுகளில் சேமிப்புக்காக ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் முப்பது வருடத்துக்கு முன் யாரோ சேமித்து வைத்த ஆட்டமும் போய்விடும். பரண்மேல் பழைய கன்சோல் இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். பேட்டரியை மாற்றத் தெரிந்த எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஆனால் பேட்டரியைக் கழற்றும்போதே பழைய சேமிப்பு அழியக்கூடும் என்பதால், முதலில் அதைத் திரையில் போட்டு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.